ஆசிரமத்துக்குப் போய்விடட்டுமா? மேல்மலை வாசகிக்கு ஒரு பதில்

கொடைக்கானல் மேல்மலைக் கிராமம் ஒன்றிலிருந்து 45 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை முதலில் தருகிறேன்.

அவரும் கணவரும் மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறார்கள். மகன் சமவெளியில் பொறியியல் படிக்கிறான். மகள் பிளஸ் டூ. மாமியாருக்கு மறதி நோய் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பனி கொட்டும் இரவில் அவர் கதவைத் திறந்து வெளியே போய்விடாமல் காவல் இருப்பது எல்லாம் இந்த மருமகளின் வேலை. மூன்று ஆண்டுகளுக்கு முன் இவருடைய தந்தை இறந்தார். அந்தத் துக்கத்தில் தோழி ஒருவர் கீழ்மலைப் பக்கம் உள்ள ஒரு தியான மையத்துக்கு அழைத்துப்போனார். முதல் நாள் கண்ணை மூடி உட்கார்ந்ததும் அழுகை பெருகியது. எழுந்தபோது மனம் லேசாகியிருந்தது. அன்றிலிருந்து விடாமல் பயிற்சி செய்கிறார். இப்போது 3 மணிக்கே எழுந்து உட்காருகிறார். வாரத்தில் இரண்டு நாள் உபவாசம். புருவ மத்தியில் நீல ஒளி தெரிகிறது. சில நாள் உடம்பே இல்லாததுபோல் இருக்கிறது. மையத்தை நடத்தும் குருஜி, "நீ மேல்நிலைக்கு வந்துவிட்டாய், குடும்பம்தான் உனக்குக் கடைசித் தடை" என்று சொல்லியிருக்கிறார். தந்தை எழுதிவைத்த 60 சென்ட் நிலத்தை மையத்துக்குக் கொடுத்துவிட்டு அங்கேயே போய்த் தங்க நினைக்கிறார். "உனக்கு மனநோய், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவேன்" என்கிறார் கணவர். அடுத்த நாள், "போனால் விவாகரத்துதான்" என்கிறார்.

வாசகி கேட்பவை மூன்று. என் நாட்டம் உண்மையானதா, அல்லது நான் வீட்டிலிருந்து தப்பி ஓடுகிறேனா? குடும்பத்தை விட்டுப் போக எனக்கு உரிமை உண்டா? நிலத்தை எழுதிக்கொடுக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் தேடலை நான் நோயாகப் பார்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உளநலத் துறையும் இதில் நிதானமாகவே இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் நோய் வகைப்பாட்டுக் கையேட்டில், சமயம் அல்லது ஆன்மிகம் சார்ந்த சிக்கல் என்று ஒரு தனிப் பிரிவை 1994இல் சேர்த்தார்கள். ஒருவர் சிகிச்சைக்கு வரும் காரணமாக அது இருக்கலாம், அதுவே மனநோய் ஆகாது என்பது அந்தப் பிரிவின் பொருள். நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது: ஒருவருடைய நம்பிக்கை அவருடைய சமூகத்தின் சமய நம்பிக்கையோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது. அதனால் உங்கள் கணவரின் மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். தியானம் செய்கிறாள் என்பதற்காக ஒரு பெண்ணை ஆஸ்பத்திரியில் அடைக்க முடியாது.

அதேபோல், ஒரு குருஜி சொல்லிவிட்டார் என்பதால் நீங்கள் மேல்நிலைக்குப் போய்விட்டதாகவும் ஆகிவிடாது. இதைச் சொல்லும்போது உங்கள் மனம் வாடும் என்று தெரியும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஒளி தெரிவது பற்றி

இரவில் மாமியாருக்காக இரண்டு மூன்று முறை எழுகிறீர்கள், 3 மணிக்குத் தியானத்துக்கு எழுகிறீர்கள், விடிந்ததும் தோட்டத்துக்குப் போகிறீர்கள். கூட்டிப் பார்த்தால் நான்கு மணி நேரத் தூக்கம்கூட உங்களுக்குக் கிடைப்பதில்லை. தூக்கம் குறைந்து, வயிறும் காலியாக இருந்து, நெடுநேரம் ஒரே இடத்தில் கவனத்தைக் குவித்தால், மூடிய கண்ணுக்குள் ஒளி தெரிவதும் உடம்பு மிதப்பதுபோல் இருப்பதும் பலருக்கு நேர்வதுதான். அதனால் நீங்கள் கண்டது பொய் என்று ஆகிவிடாது. அந்த நேரத்தில் வந்த அமைதியும் பொய்யல்ல. அது எவ்வளவு உயரத்தைக் காட்டுகிறது என்று அளக்க மட்டும் அதைப் பயன்படுத்த முடியாது.

நம் மரபிலேயே இதற்கு எச்சரிக்கை உண்டு. தரிசனங்கள் வருகின்றன, ஒளி தெரிகிறது என்று வந்து சொன்னவர்களிடம் ரமண மகரிஷி, அவை வரும் போகும், அவற்றைக் காண்பவர் யார் என்று பாருங்கள் என்றே திருப்பிக் கேட்டார். கடல் கடந்தும் இதே கருத்துதான். சமய அனுபவங்களை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், 1901, 1902ஆம் ஆண்டுகளில் எடின்பரோவில் ஆற்றிய உரைகளில், ஓர் அனுபவம் எங்கிருந்து வந்தது என்பதை விட, பிறகு அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார் என்பதை வைத்தே அதை மதிப்பிட வேண்டும் என்று வாதிட்டார். ஆகவே உங்களுக்குத் தெரியும் நீல ஒளியைப் பற்றி நான் அதிகம் கேட்கப்போவதில்லை. ஒளி தெரிந்த காலையில் மாமியார் மூன்றாம் முறையாக "நீ யார்?" என்று கேட்டபோது உங்கள் குரல் எப்படி இருந்தது என்பதைத்தான் அறிய விரும்புகிறேன். கடிதத்தில் அதற்கு விடை ஓரிடத்தில் இருக்கிறது: தியானத்தின்போது மகள் பாடத்தில் சந்தேகம் கேட்க வந்தாள், "இந்த அஞ்ஞானக் கூட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டேனே" என்று அவள் காதுபடச் சொன்னீர்கள், அவள் அதன்பிறகு உங்கள் அறைக்கு வருவதில்லை.

அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; யாரும் உங்கள் மீது குற்றமாகச் சாட்டவில்லை. மனசாட்சி நன்றாக விழித்திருப்பவர்தான் இதை எழுதுவார். உங்களுக்குள் வளர்ந்திருப்பது ஒன்று உண்டென்றால் இந்த நேர்மை அதில் சேர்த்தி என்று நான் நினைக்கிறேன்.

கோபம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்

உங்கள் கடிதத்தில், "எனக்கு யார் மீதும் கோபம் இல்லை, எல்லாம் கர்மா" என்ற வரி வெவ்வேறு இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அதே கடிதத்தில் நாத்தனார்கள் இருவரைப் பற்றி ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. பொங்கலுக்கு வருவார்கள், அம்மாவின் கன்னத்தைத் தடவுவார்கள், "அண்ணி இருக்கும்போது எங்களுக்கு என்ன கவலை" என்பார்கள், மலைப்பூண்டு மூட்டையோடு இறங்கிவிடுவார்கள். ஆறு ஆண்டுகளில் ஒரே ஒரு இரவுகூட "நீங்கள் தூங்குங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னதில்லை. கணவர் பூண்டை வடுகபட்டிச் சந்தைக்கு ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப இரண்டு நாள் ஆகும். தந்தை இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் நீங்கள் பாதியில் திரும்பி வந்திருக்கிறீர்கள்.

இதற்குக் கோபம் வராவிட்டால்தான் அதிசயம். உங்கள் கோபம் நியாயமானது. அதைக் கர்மா என்ற சொல்லுக்குக் கீழே மடித்து வைத்துவிட்டதால், அது உங்கள் கண்ணிலும் படவில்லை, வரவேண்டியவர்களின் காதுக்கும் போகவில்லை. தவறில்லாத மகளின் மீது போய் விழுந்தது.

தீர்க்க வேண்டிய துக்கத்தையும் பேச வேண்டிய மனத்தாங்கலையும் ஆன்மிகத்தைக் கொண்டு தாண்டிப்போகப் பார்க்கும் இந்தப் பழக்கத்துக்கு ஜான் வெல்வுட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் ஒரு பெயரே வைத்தார். தியானம் கற்பித்த சூழலில் வாழ்ந்தவர் அவர். தியானத்துக்கு எதிரி அல்ல. தம்மைச் சுற்றி நன்றாகப் பயிற்சி செய்தவர்களே வீட்டுச் சிக்கல்களில் சிறு பிள்ளைகளைப் போல் நடந்துகொள்வதைக் கண்டுதான் அப்படி எழுதினார்.

"முருகனே கோபித்துக்கொண்டுதானே வீட்டை விட்டு மலையேறினார், அது தப்பித்தலா?" என்று கேட்டிருந்தீர்கள். கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. பழனி மலைத்தொடரில் பிறந்து வளர்ந்த ஒருவருக்குத்தான் அது தோன்றும். கேள்வியிலேயே விடையும் இருக்கிறது. அந்தக் கதை கோபத்தை மறைக்கவில்லை. ஞானப்பழம் அண்ணனுக்குப் போனது, தம்பிக்குப் பொறுக்கவில்லை, கோபித்துக்கொண்டு போய் ஆண்டியாக நின்றான் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அம்மையும் அப்பனும் பின்னாலேயே சமாதானம் சொல்ல வருகிறார்கள். அவனுக்கு என்ன வருத்தம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. உங்கள் வீட்டில் உங்களுக்கு என்ன வருத்தம் என்று யாருக்காவது தெரியுமா? கணவருக்குத் தெரியுமா? அவரிடம் ஞானம், பற்று, விடுதலை என்றெல்லாம் பேசியதாக எழுதியிருக்கிறீர்கள். "எனக்கு முடியவில்லை, ஆள் வேண்டும்" என்று கேட்டதாக ஓரிடத்திலும் இல்லை.

நோக்கம் கலந்திருந்தால் தேடல் பொய்யாகிவிடுமா?

ஆகாது. உங்கள் முதல் கேள்வியின் அடியில், உண்மையான நாட்டம் என்றால் அதில் வேறு எந்த ஆசையும் கலந்திருக்கக் கூடாது என்ற எண்ணம் இருக்கிறது. அது தவறான எண்ணம். துக்கம், களைப்பு, தனிமை, மற்றவர்கள் மதிக்க வேண்டும் என்ற ஏக்கம், சாவைப் பற்றிய அச்சம் என ஏதோ ஒன்று தள்ளித்தான் மனிதர்கள் கோயில் வாசலுக்கு வருகிறார்கள். ரமணர்கூட மதுரையில் 16 வயதில் திடீரென்று வந்த மரண பயத்திலிருந்துதான் தொடங்கினார். என்ன காரணத்துக்காக வந்தோம் என்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வந்த காரணம் இன்னும் உள்ளே இருந்து நம்மை நடத்துகிறதா என்று பார்த்துக்கொள்வதுதான் வேலை.

கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளரும் அவருடைய மாணவர் ராஸும் 1967இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் சமய ஈடுபாட்டை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆறுதல், மதிப்பு, பாதுகாப்பு போன்ற வேறொன்றைப் பெறுவதற்காகச் சமயத்தைப் பயன்படுத்துவது ஒரு வகை. சமயத்தையே வாழ்வது இன்னொரு வகை. பல பேரிடம் இரண்டும் சேர்ந்தே இருந்தன. உங்களிடமும் அப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. மையத்தில் உங்களை "அம்மா" என்று அழைக்கிறார்கள், முன்வரிசையில் உட்காரவைக்கிறார்கள், நீங்கள் போனதும் யாரோ சூடாகத் தேநீர் கொண்டுவந்து கையில் தருகிறார்கள். ஆறு ஆண்டுகளாக எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே இருந்த ஒருவருக்கு, யாரோ தமக்காகக் கொண்டுவந்து தருவது எவ்வளவு பெரிய விஷயம்! அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் அது ஓய்வும் மரியாதையும் வேண்டும் என்ற தேவை. அதை மோட்சத்தின் கணக்கில் எழுதிவிட்டால் இரண்டு கணக்கும் குழம்பிவிடும்.

பிரித்துப் பார்க்க மூன்று கேள்விகளை உங்களிடம் விட்டுவைக்கிறேன். எனக்கு எழுத வேண்டாம். உங்களுக்குள் சொல்லிக்கொண்டால் போதும். மாமியாரைப் பார்த்துக்கொள்ள நாளையே நல்ல ஆள் கிடைத்து, நீங்கள் ஒரு மாதம் நன்றாகத் தூங்கிவிட்டால், வீட்டை விட்டுப் போகும் ஆசை அப்போதும் இதே வேகத்தில் இருக்குமா? "உனக்கு மேல்நிலை ஒன்றும் வரவில்லை, சாதாரணமாகத்தான் இருக்கிறாய்" என்று குருஜி நாளை சொன்னால், மறுநாள் தியானத்துக்கு உட்காருவீர்களா? பயிற்சி தொடங்கிய பிறகு யாருடைய வலியாவது உங்களுக்கு முன்பைவிட நன்றாகப் புரிகிறதா?

மூன்றாவது கேள்வியில்தான் நான் அதிகம் நம்பிக்கை வைத்திருக்கிறேன். வள்ளலார் தம் ஆன்மிகப் பாதைக்கு உயிர்களிடத்து இரக்கத்தையே திறவுகோலாகச் சொன்னார். 1867இல் வடலூரில் பசித்தவர்களுக்கு அணையா அடுப்பை ஏற்றினார். ஒளியைப் பற்றி அவரைப்போல் பாடியவர்கள் குறைவு. அவரே சோற்றில் தொடங்கச் சொன்னார்.

"குடும்பம் கடைசித் தடை" என்ற வாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டை விட்டு வந்துவிடட்டுமா என்று ரமணரிடம் கேட்ட இல்லறத்தார் பலர். தடை வீட்டில் இல்லை, மனத்தில் இருக்கிறது. இடத்தை மாற்றினால் அது கூடவே வரும் என்ற பொருளில்தான் அவர்களுக்குப் பதில் சொன்னார். 1916இல் அவருடைய தாயாரே அவரோடு தங்க வந்துவிட்டார். 1922இல் அந்தத் தாயின் கடைசி நாளில், மகன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு முதியவளைப் பார்த்துக்கொள்வது ஞானத்துக்குத் தடை என்றால் இது நடந்திருக்காது. இதைச் சொல்வதால், நீங்கள் ஒருவரே மாமியாரைச் சுமக்க வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வேலையை மற்றவர்கள் பங்கிட்டே ஆக வேண்டும்.

உரிமையும் நிலமும்

விட்டுப் போக உரிமை உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. வயது வந்த பெண்ணை யாரும் வீட்டில் கட்டி வைக்க முடியாது. ஆனால் விளைவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டப்படி, கணவனோ மனைவியோ உலகைத் துறந்து ஒரு துறவற அமைப்பில் சேர்ந்துவிட்டால், மற்றவர் விவாகரத்து கேட்கலாம். சில வாரம் ஆசிரமத்தில் தங்குவது அதில் வராது. முறைப்படி துறவு பூண வேண்டும். அதேசமயம், தக்க காரணமில்லாமல் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் பிரிந்திருந்தால் கைவிட்டுப் போனதாகவும் வழக்குப் போட முடியும்.

நிலத்தில் நான் கண்டிப்பாகவே பேசுகிறேன்: இப்போது எழுதிக்கொடுக்காதீர்கள். தந்தை உங்கள் பெயருக்கு எழுதிவைத்தது என்பதால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி அது முழுக்க உங்களுடையதாகவே இருக்க வாய்ப்பு அதிகம். தந்தை பத்திரத்தில் ஏதாவது நிபந்தனை வைத்திருக்கிறாரா என்று மட்டும் பார்க்க வேண்டும். நிபந்தனை இல்லையென்றால் கணவரின் சம்மதம் தேவையில்லை. அதனாலேயே கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் தடுக்க யாரும் இல்லை. தானப் பத்திரம் எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டு, பதிவும் ஆகிவிட்டால், மனம் மாறியது என்ற காரணத்துக்காக அதைத் திரும்பப் பெற முடியாது. மோசடியோ தகாத வற்புறுத்தலோ நடந்தது என்று நீதிமன்றத்தில் போராட வேண்டும். குரு சீடர் உறவில் அந்த வற்புறுத்தல் நடக்கக்கூடியதுதான் என்று சட்டம் எப்போதோ உணர்ந்துவிட்டது. மறுமைக்கு நன்மை என்று நம்பித் தம் சொத்து முழுவதையும் குருவுக்கு எழுதிக்கொடுத்த ஒரு முதியவரின் வழக்கில், 1890இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் வழக்கு என்பது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். 60 சென்ட் நிலத்தை மீட்க இன்னொரு 60 சென்டை விற்க வேண்டிவரும்.

கொடுக்க வேண்டும் என்று மனம் உண்மையாகவே விரும்பினால் ஒரு போகத்தின் வருமானத்தில் ஒரு பங்கைக் கொடுங்கள். அல்லது உயில் எழுதுங்கள். உயிரோடு இருக்கும்வரை அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இதைக் குருஜியிடம் சொல்லிப் பாருங்கள். அவர் மகிழ்ந்தால் நல்லது. முகம் சுளித்தால், அவசரப்படுத்தினால், வீட்டில் சொல்லாமல் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரச் சொன்னால், அந்த இடத்தை விட்டு விலகிவிடுங்கள். கையெழுத்திடும் முன் சுயேச்சையான வழக்கறிஞர் ஒருவரைப் பார்ப்பது அவசியம். பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை

மகளின் தேர்வு முடியும்வரை திரும்பப் பெற முடியாத எந்த முடிவும் வேண்டாம். தியானத்தை நிறுத்தச் சொல்லவில்லை. 3 மணியை 5 மணியாக்குங்கள், அரை மணி நேரம் போதும். உபவாசத்தைச் சில மாதம் தள்ளிவையுங்கள். அரசு மருத்துவமனையில் இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதில், இந்தக் களைப்பில், அது எப்படியும் செய்ய வேண்டியதுதான். தூக்கமே வராமல் மனம் மட்டும் பரபரவென்று ஓடினாலோ, ஆள் இல்லாமல் குரல் கேட்டாலோ, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ, பயிற்சியை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தீவிரமாகத் தியானம் செய்தவர்கள் சிலருக்கு அச்சமும் தூக்கமின்மையும் நேர்ந்ததை 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று பதிவு செய்திருக்கிறது. அது உங்கள் பக்குவக் குறைவு ஆகாது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் இலவச மனநல ஆலோசனை) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மாமியாருக்காக உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பேசுங்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஆதரவுச் சிகிச்சை தருகிறார்கள். உங்கள் மாமியாருக்கு எது பொருந்தும் என்று கேளுங்கள். நாத்தனார்கள் இருவரையும் கணவரையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்து, ஆண்டில் இத்தனை வாரம் யார் வீட்டில் அம்மா இருப்பார், இல்லையென்றால் ஆள் வைக்க யார் எவ்வளவு பணம் தருவார் என்று பேசுங்கள். பெற்றோரைப் பராமரிக்கும் கடமையில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் மகனையும் மகளையும் சமமாகவே வைக்கிறது. அந்தக் கூட்டத்தில் கர்மாவைப் பற்றிப் பேச வேண்டாம். "ஆறு வருஷமாக நான் ஒரு இரவு முழுசாகத் தூங்கவில்லை" என்பதை மட்டும் சொல்லுங்கள். கணவர் முதல்முறையாகக் கேட்கப்போகும் செய்தியாக அது இருக்கக்கூடும்; மிரட்டுகிறவர் பயந்துபோயும் இருக்கலாம்.

அதற்கு முன்னால், இன்றைக்கே, மகளிடம் போய் அன்று அவள் கேட்க வந்த பாடச் சந்தேகம் என்ன என்று கேளுங்கள். அந்தப் பாடம் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நாத்தனார்கள் என்ன சொன்னார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். மறுத்திருந்தால் மேற்கொண்டு என்ன செய்வது என்று சேர்ந்து யோசிக்கலாம்.